வெள்ளி கழிக்காத எடை

1

வருசா வருசம் ஆவணியில ஒரு நாள் காலையில என் போனுக்கு சுமதியோட குரல் பதிவு ஒண்ணு வரும். எடப்பாடிப் பக்கம் நான் பால்வாடி டீச்சரா இருந்த ஊர்ல தறி ஓட்டற பொண்ணு அவ. பின்னாடி தறிச் சத்தம் கேக்கும், அதுக்கு மேல கத்தித்தான் பேசுவா. "டீச்சர், இன்னிக்கு ஹரிணிக்குப் பொறந்த நாளுங்க. உங்களாலதானுங்க எம்புள்ள உசுரோட இருக்கறா. நீங்களும் உங்க கொழந்தைங்களும் நல்லாருக்கோணும்." கூடவே புதுத்துணி போட்ட புள்ளையோட போட்டோ ஒண்ணு.

இந்த வருசம் ஹரிணிக்கு ஆறு முடிஞ்சது. முன்பல்லு ரெண்டும் விழுந்து, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா.

நான் ஊரை விட்டு வந்து அஞ்சு வருசம். ஒவ்வொரு தடவையும் "சந்தோசம் சாமி, நல்லா படிக்க வை"ன்னு பதில் போட்டுட்டு அடுப்படிக்குப் போயிடுவேன். அந்த நன்றி எனக்குச் சேர வேண்டியதில்லை. அந்தப் புள்ளை ஆஸ்பத்திரிக்குப் போற நிலைமைக்கு வந்ததுல என் தப்பு ஒண்ணு இருக்கு. அது சுமதிக்குத் தெரியாது. ஹரிணியைக் காப்பாத்துன புண்ணியவதின்னு அவ என்னை நெனைச்சுக்கிட்டிருக்கா, நானும் அப்படியே நெனைக்கட்டும்னு விட்டுட்டேன். இந்த வருசம் அப்படி விட முடியாமப் போச்சு. அவகிட்ட உண்மையைச் சொல்லியே ஆகணும்ங்கற நிலைமை எப்படி வந்துச்சுன்னுதான் இதை எழுத உக்காந்திருக்கேன்.

2

எங்க ஊட்டுக்காரர் ரிக் வண்டியில கம்ப்ரசர் மெக்கானிக். போர் போடற வண்டி. திருச்செங்கோட்டு வண்டி எங்கெங்க போகுதோ அங்கெல்லாம் நம்ம ஆளுங்க போவாங்க. எங்களுக்கு வாய்ச்சது ஜாம்பியாவுல லுசாகா. ரெண்டு வருசம்னு சொல்லித்தான் கூட்டிக்கிட்டு வந்தாரு. நான் ஜேடர்பாளையத்துக்காரி, அணைக்கட்டுத் தண்ணியில துணி தொவைச்சு வளந்தவ. இங்க வந்த நாள்ல இருந்து எத்தனை அடியில தண்ணி கெடைக்கும்ங்கற பேச்சுதான் காதுல விழுது.

பர்மிட் புதுப்பிக்கற ஃபாரத்துல எனக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல 'சார்ந்திருப்பவர்'னு இருக்கும். ஏழு வருசம் நாப்பது புள்ளைங்களுக்குச் சோறு போட்டு, மூக்குத் துடைச்சு, எடை போட்டு, அத்தனைக்கும் நோட்டு எழுதுனவ நான். சார்ந்திருப்பவராம். ஒரு தடவை அதை அடிச்சுட்டு டீச்சர்னு எழுதிக் குடுத்தேன். கவுண்ட்டர்ல இருந்த அம்மா வேற ஃபாரம் எடுத்து நீட்டி, வரிசையில பின்னாடி போய் நிக்கச் சொல்லிடுச்சு. எங்க ஊட்டுக்காரர் என்னைப் பாத்த பார்வை இருக்கே, சொல்லி மாளாது.

பாஷையும் அப்படித்தான். வந்த புதுசுல எல்லாரும் என்னை 'அமாயி'ன்னு கூப்பிட்டாங்க. நம்ம பக்கம் அம்மாயின்னா அம்மாவைப் பெத்தவங்க. எனக்கென்ன அவ்வளவு வயசா ஆயிடுச்சுன்னு ஒரு மாசம் கண்ணாடியைப் பாத்துக்கிட்டிருந்தேன். இங்க அது வெறும் அம்மாதான். பசங்க தெருவுல 'ஈவே, ஈவே'ன்னு ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடறதைக் கேட்டு, வாட்ச்மேன் பெரியவரை நானும் அப்படியே கூப்பிட்டேன். அது 'டேய்'ங்கற மாதிரியாம். நாய்க்குட்டியையும் வாங்க போங்கன்னு கூப்பிடற ஊர்ல பொறந்துட்டு அப்படிக் கூப்பிட்டிருக்கேன். அவரு சிரிச்சுட்டாரு, எனக்குத்தான் மூணு நாள் மொகத்துல முழிக்க முடியலை.

எனக்குத் திருத்திச் சொல்றது எம்பொண்ணு நிவேதாதான். ஒம்பது வயசு. நாலு வயசுல இங்க வந்தவ. பக்கத்து ஊட்டுல போய் மக்காச்சோளக் களியைக் கையில உருட்டித் தின்னுட்டு வாரா, நான் ஊத்துற தோசையைப் பாத்தா "பசிக்கலை"ங்கறா. ஊர்ல இருந்து எங்கம்மா வீடியோவுல கூப்பிட்டா ரெண்டு வார்த்தை தமிழ் பேசிட்டு, மூணாவது வார்த்தைக்கு என் மொகத்தைப் பாக்கறா. பதில் சொல்லத் தெரியாம இல்லை, பொறுமை இல்லை. இதுக்கு யாரைக் குத்தம் சொல்றது?

சின்னவன் இனியன் இங்கயே பொறந்தவன், பத்து மாசம் ஆகுது. அவனை எடை போடக் கூட்டிக்கிட்டுப் போனதுலதான் எல்லாம் ஆரம்பிச்சது.

3

இங்க அஞ்சு வயசுக்குள்ள இருக்கற கொழந்தைங்களுக்கு மாசத்துக்கு ஒரு தடவை எடை போட்டு, தடுப்பூசி போட்டு, அட்டையில குறிச்சுக் குடுப்பாங்க. எங்க பகுதிக்கு அது ஒரு சர்ச் வளாகத்துல, மாமரத்தடியில நடக்கும். கிளையில தொங்கல் தராசு, அதுல கால் விடறதுக்கு ரெண்டு ஓட்டை வெச்ச துணிப்பை. முதல் தடவை பாத்தப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுங்க. எங்க பால்வாடி சென்டர்ல விட்டத்துல தொங்குனது அச்சு அசலா அதேதான்.

எடை போடறவங்க பேரு ரூத். அந்தப் பகுதியிலயே குடியிருக்கற அம்மா, அம்பது வயசு இருக்கும். சம்பளம் கெடையாது, சேவையா வந்து செய்யறாங்க. குரல் மட்டும் கலெக்டர் குரல்.

போன மாசம் இனியன் எட்டு கிலோ. அதுக்கப்பறம் அவனுக்குச் சளியும் காய்ச்சலும் வந்து பத்து நாள் சரியாச் சாப்பிடலை. பல்லு வருதுன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அந்தச் சமயத்துலதான் ஊர்ல இருந்து ரிக்குக்குப் புதுசா வந்த பையன்கிட்ட எங்கண்ணன் சீர் குடுத்து அனுப்பிச்சிருந்தாரு. வெள்ளி அருணாக்கொடி, கால் தண்டை, கைக்குக் காப்பு. கனமா, பளபளன்னு. போட்டு அழகு பாத்து, அதோடவே கிளினிக்குக்குத் தூக்கிக்கிட்டுப் போனேன். பள்ளிக்கூடம் லீவுங்கறதால நிவேதாவும் வந்தா.

துணிப்பையில உக்கார வெச்சேன். முள்ளு எட்டு இருநூறு காட்டுச்சு. பாத்தியான்னு மனசுக்குள்ள ஒரு சந்தோசம். ரூத் அம்மா பேனாவை எடுத்தவங்க, சட்டைக்குக் கீழ மின்னுறதைப் பாத்துட்டு நிறுத்திட்டாங்க. பேச்சு அரைகுறை இங்கிலீஷ்ல நடந்துச்சு, நம்ம பேச்சுல எழுதறேன்.

"அமாயி, அதெல்லாம் கழட்டுங்க."

"கை கால்ல இருக்கறதைக் கழட்டறேன். இடுப்புல இருக்கறதைக் கழட்டறதில்லை."

"ஏன்?"

நம்ம பக்கம் அருணாக்கொடியை எப்ப அவுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். உசுரு போனதுக்கப்பறம், குளிப்பாட்டி எடுத்துக்கிட்டுப் போறப்ப. அதை வாயில சொல்றதே கெட்டது. ஆனாலும் சொன்னேன். "செத்தவங்களுக்குத்தான் அவுப்போம்."

வரிசையில நின்ன பொம்பளைங்க பேச்சை நிறுத்திட்டுப் பாத்தாங்க. ரூத் அம்மா அசையலை. "சரி, போட்டுக்கங்க. ஆனா வெள்ளிக்கெல்லாம் நான் அட்டை எழுதறதில்லை. எனக்குக் கொழந்தையோட எடைதான் வேணும்"னு சொல்லிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க.

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "ஏழு வருசம் இதே வேலை பாத்தவ நான். எனக்கே சொல்லித் தர்றீங்களா? நாங்க எல்லாப் புள்ளைங்களுக்கும் இப்படித்தான் போடுவோம்"னு கத்துனேன்.

கத்தி முடிச்சதும், நான் என்ன சொன்னேன்ங்கறது எனக்கே காதுல விழுந்துச்சு.

நிவேதா என் சேலையைப் புடிச்சு இழுத்தா. "அம்மா, இங்க எல்லாப் பாப்பாவுக்கும் இடுப்புல மணி, கயிறுன்னு ஏதாவது கட்டியிருக்கு. எல்லாரும் அவுத்துட்டுத்தான் போடறாங்க. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். யாரும் சாகலை."

ஓரமா உக்காந்து நானே அவுத்தேன். மறுபடி தொங்க விட்டாங்க. ஏழு தொள்ளாயிரம்.

ஒரு மாசத்துல நூறு கிராம் எறங்கியிருக்கான். வெள்ளியோட போட்டிருந்தா இருநூறு ஏறியிருக்கான்னு அட்டை சொல்லியிருக்கும். நானும் ஊட்டுக்கு வந்து திட்டி சுத்திப் போட்டிருப்பேன்.

4

சென்டர்ல நாங்க எடை போட்ட கதையைச் சொல்றேன். கொழந்தையோட வயசுக்கும் எடைக்கும் ஒரு சீட்டு இருக்கும், மூணு கலர்ல. பச்சையில இருந்தா நல்லா வளருது. மஞ்சள்னா கொறைச்சல். ஆரஞ்சுன்னா ரொம்ப மோசம், உடனே பாக்கணும். மாசாமாசம் ஒரு புள்ளி வெச்சு, புள்ளியைச் சேத்து கோடு இழுக்கணும். அவ்வளவுதான் வேலை. ஆனா அந்த ஒரு கோட்டை நம்பித்தான் சத்துமாவு, கூடுதல் முட்டை, டாக்டர்கிட்ட அனுப்பறதுன்னு அத்தனையும் நடக்கும்.

வேலைக்குச் சேந்த புதுசுல நான் சரியாத்தான் இருந்தேன். ட்ரெயினிங்குல, உடம்புல ஒண்ணும் இல்லாம எடை போடணும்னு சொல்லியிருந்தாங்க. முதல் மாசமே ஒரு கொழந்தைக்குக் கொடியை அவுக்கச் சொன்னேன். அதோட அப்பா சைக்கிளைப் போட்டுட்டு வந்து, "ஏனுங்க, உசுரோட இருக்கற புள்ளைக்கு அருணாக்கொடி அவுக்கறதா? ஊர்ல ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு"ன்னு சத்தம் போட்டாரு. அடுத்த மாசம் எடை போடப் பாதிப் பேர் வரலை. சூப்பர்வைசரம்மா வந்து, "தனம், வராத புள்ளைங்களுக்கு நான் என்ன கணக்குக் குடுக்கறது? அனுசரிச்சுப் போ"ன்னாங்க.

அனுசரிச்சேன். முதல்ல மனசுக்குள்ள ஒரு நூறு கிராம் கழிச்சு எழுதுனேன். அப்பறம் அம்பது கழிச்சேன். அப்பறம் விட்டுட்டேன். ஒரு புள்ளை மஞ்சளுக்குப் போயிடுச்சுன்னா தனி நோட்டு, வாராவாரம் ஊட்டுக்குப் போறது, மீட்டிங்குல எந்திரிச்சு நின்னு காரணம் சொல்றது. பச்சைன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. புள்ளைங்களோட ஆயி அப்பனுக்கும் சந்தோசம், எனக்கும் நிம்மதி. சோம்பேறித்தனம்னு மட்டும் சொல்ல மாட்டேன், பயமும் இருந்துச்சு. ஆனா சோம்பேறித்தனம் இல்லைன்னும் சொல்ல மாட்டேன்.

5

சுமதிக்கும் அவ ஊட்டுக்காரருக்கும் சொந்தமா தறி கெடையாது, கூலிக்கு ஓட்டறவங்க. ஆனா சுமதியோட தம்பி சேலத்துல கொலுசுப் பட்டறையில வேலை. தாய்மாமன் சீர்னா அவனால வெள்ளிதான் குடுக்க முடியும், அதைக் கொறையில்லாமக் குடுத்தான். ஏழாம் மாசம் ஹரிணிக்கு மொட்டை போட்டுக் காது குத்துனப்ப அருணாக்கொடியும் தண்டையும். அடுத்த மாசம் காப்பு. தட்டுல வெச்சு, இத்தனை கிராம்னு சபையில சத்தமாச் சொன்னாங்க. எல்லாம் சேத்து முந்நூறு கிராமுக்கு மேல. நானும் அந்த விசேசத்துல சாப்பிட்டுட்டு வந்தவதான். ஊருக்கே தெரிஞ்ச கிராம். கழிச்சு எழுத எனக்குத் தோணலை.

அந்த மூணு மாசமும் வெள்ளி சேரச் சேர ஹரிணியோட கோடு மெல்ல மெல்ல ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பச்சையோட அடி ஓரத்துல, ஆனா பச்சையில.

ஒம்பதாம் மாசம் எடை போட்ட அன்னைக்கு சுமதி போகாம நின்னா. "டீச்சர், புள்ள எளைச்ச மாதிரி இருக்குதுங்க. நொய் நொய்னு அழுவுறா. தோள் எலும்பு கையில தட்டுப்படுதுங்க"ன்னா. நான் சீட்டை எடுத்து அவ மூஞ்சிக்கு நேரா காட்டுனேன். "இங்க பாரு, பச்சை. ஏறியிருக்கு. தவழ ஆரம்பிச்சா எளைக்கத்தான் செய்யும். சும்மா பயந்துக்காத."

அவ என்னை நம்புனா. சீட்டை நம்புனா. தான் பெத்த புள்ளையைத் தூக்கறப்ப தன் கைக்குத் தெரிஞ்சதை நம்பலை. மாந்தமா இருக்கும்னு மந்திரிக்கக் கூட்டிக்கிட்டுப் போனா, திட்டி கழிச்சா.

அடுத்த மாசம் வயித்துப்போக்கு வந்துச்சு. ரெண்டே நாள்ல புள்ளை துவண்டு போயிட்டா. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணி, சுமதியோட நானும் ஏறி சேலத்துக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க ஒரு நர்ஸ் யாரையும் ஒரு வார்த்தை கேக்கலை. கொடி, தண்டை, காப்பு அத்தனையும் மளமளன்னு கழட்டி, "புடிங்கம்மா"ன்னு என் கையில வெச்சுட்டுக் கொழந்தையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு நின்னேன். அந்தக் கனம் கையில எறங்குனதும், மூணு மாசமா நான் எழுதுனது என்னன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

பொழைச்சுக்கிட்டா. மூணு வாரம் ஆச்சு. "வயித்துப்போக்கு வந்தது சரி, ஆனா அதைத் தாங்க உடம்புல ஒண்ணும் இல்லையே, முன்னாடியே கவனிக்கலையா"ன்னு டாக்டர் கேட்டாரு. சுமதி என்னைப் பாத்தா. என்னைக் குத்தம் சொல்ற பார்வை இல்லை அது, எனக்காக வருத்தப்பட்ட பார்வை. "டீச்சர் மாசாமாசம் எடை போட்டுப் பாத்தாங்க சார், நல்லாத்தான் இருந்துச்சு"ன்னா. நான் வாயைத் தொறக்கலை.

ஆபீஸ்ல இருந்து விசாரிக்க வந்தப்ப நோட்டைக் காட்டுனேன். எல்லாம் பச்சை. ராத்திரி பகல்னு பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனவன்னு மீட்டிங்குல கை தட்டுனாங்க.

இதுல எனக்கே என்னை மன்னிக்க முடியாத இடம் ஒண்ணு இருக்கு. அதுக்கப்பறம் ரெண்டு மாசம் நான் அங்க வேலை பாத்தேன். அந்த ரெண்டு மாசமும் வெள்ளியோடவேதான் எடை போட்டேன். திடீர்னு கழட்டச் சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா ஹரிணி கதை வெளிய வந்துடும். அப்பறம் விசா வந்துச்சு, வந்துட்டேன்.

6

இனியனுக்கு ரூத் அம்மா சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? கஞ்சியைக் கெட்டியாக் காய்ச்சுங்க, வேர்க்கடலையை வறுத்துப் பொடி பண்ணிக் கலந்து குடுங்க, கபெண்டாவைப் பொடிச்சுப் போடுங்க, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க, காய்ச்சல் விட்டதும் ஒரு வேளை கூட்டிக் குடுங்க. கபெண்டாங்கறது நம்ம நெத்திலிக் கருவாடு மாதிரி. மீன் பேரை மட்டும் எடுத்துட்டா, ஏழு வருசம் நான் சொன்ன அதே பாட்டு. எனக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்துச்சு, அவ்வளவுதான்.

ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க. போனேன். போறதுக்கு முன்னாடி ஊட்டுலயே எல்லாத்தையும் அவுத்து டப்பாவுல போட்டு வெச்சுட்டேன். எட்டு கிலோ நூறு காட்டுச்சு. ரூத் அம்மா அட்டையில புள்ளி வெச்சுட்டு, என் தோளைத் தட்டி, "டீச்சர்"னாங்க. கிண்டலா நெசமான்னு தெரியலை. ரெண்டும்தான்னு நெனைக்கறேன்.

அந்த வாரத்துலதான் சுமதியோட குரல் வந்துச்சு. உங்களாலதானுங்க எம்புள்ள உசுரோட இருக்கறா. இந்தத் தடவை 'சந்தோசம் சாமி'ன்னு அடிக்க விரல் போகலை. எங்க ஊட்டுக்காரர்கிட்ட மொதல் தடவையா முழுசாச் சொன்னேன். அவரு சாப்பிட்டுக்கிட்டிருந்தவரு கையை நிறுத்திட்டு, "முடிஞ்சு போன கதைம்மா. புள்ளதான் நல்லாருக்குதே. சொல்லி என்ன ஆகப் போகுது? சுமதியோட மனசு ஒடையறதுதான் மிச்சம்"னாரு. அவரு சொல்றதுலயும் நாயம் இருந்துச்சு. எனக்கு அவ ஒருத்திதான் ஊர்ல இருந்து வருசம் தவறாம நெனைச்சுப் பேசறவ. அதையும் கெடுத்துக்கணுமான்னு ஒரு வாரம் போனை எடுக்கறதும் வெக்கறதுமா இருந்தேன்.

7

ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூப்பிட்டேன். அங்க மூணு மணி தாண்டியிருக்கும். கரண்ட் போயிருந்துச்சு போல, தறிச் சத்தமே இல்லை. "அட, டீச்சருங்களா! நீங்களே கூப்புடறீங்க! சாப்புட்டீங்களா? நிவி பாப்பா எப்புடி இருக்குது?"ன்னு அவ சந்தோசப்பட்டா. இன்னும் ஒரு நிமிசம் விட்டா சொல்லாமயே வெச்சுடுவேன்னு தெரிஞ்சுது. சொல்லிட்டேன். வெள்ளியோட எடை போட்டது, கழிக்காதது, ஆஸ்பத்திரியில கையில வாங்குனப்பவே தெரிஞ்சும் பேசாம இருந்தது, எல்லாத்தையும் ஒரே மூச்சுல.

அவ ஹரிணியை வெளிய போய் வெளையாடச் சொன்னது கேட்டுச்சு.

"நான் கேட்டனுங்களே டீச்சர்"னா. "புள்ள எளைச்சிருக்குதுன்னு உங்ககிட்ட வந்து கேட்டனுங்களே."

"கேட்ட சாமி."

"சீட்டைக் காட்டுனீங்க."

"ஆமா."

"பசியில அழுதிருக்குதுங்க எம்புள்ள. மாந்தம்னு நெனைச்சு, பால் குடுக்க வேண்டாம்னு மந்திரிச்ச ஆளு சொன்னதைக் கேட்டு, ஒரு நாள் பூரா பட்டினி போட்டனுங்க."

அது எனக்குத் தெரியாத விசயம். மன்னிச்சுக்கன்னு சொன்னேன். அது அவ காதுல விழுந்துச்சா என்னன்னு தெரியலை. "கரண்ட் வந்திருச்சுங்க"ன்னு வெச்சுட்டா. தறிச் சத்தம் எனக்குக் கேக்கலை.

மறுநாள் இப்ப அந்த சென்டர்ல இருக்கற டீச்சர் நம்பரைத் தேடிப் புடிச்சுப் பேசுனேன். சின்னப் பொண்ணு, மரியாதையாப் பேசுச்சு. "எங்களுக்கும் கழட்டிட்டுத்தான் போடச் சொல்லியிருக்காங்கக்கா. காப்பு, தண்டை கழட்டிடுவாங்க. கொடியை மட்டும் விட மாட்டேங்கறாங்க, நானும் விட்டுடறனுங்க"ன்னுச்சு. "சரி, கழட்ட வேண்டாம். வெள்ளி எத்தனை கிராம்னு ஆயிக்காரிக்குத் தெரியும், கடைச் சீட்டு பீரோவுல இருக்கும். அட்டையோட மொதல் பக்கத்துல அதை எழுதி வெச்சுக்க. ஒவ்வொரு தடவையும் கழிச்சுப் புள்ளி வை. புதுசா எது போட்டாலும் கேட்டு எழுது"ன்னேன். இது நல்லாருக்குதுங்களேன்னு உடனே ஒத்துக்கிச்சு. இத்தனை சுலபமான யோசனை எனக்கு ஏழு வருசமா வரலை. இதைப் படிக்கறவங்க ஊட்டுல கைக்கொழந்தை இருந்தா நீங்களும் அதையே செய்யுங்க. டீச்சர் கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க.

சுமதிகிட்ட இருந்து ஒண்ணும் வரலை. நாலு நாள் ஆச்சு. என் பேர்ல இருந்த பிரியம் போயிடுச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன். அழுகையும் வந்துச்சு, அது எனக்குக் கெடைக்க வேண்டியதுதான்னும் பட்டுச்சு.

அஞ்சாம் நாள் அவளே கூப்பிட்டா. சாப்பிட்டீங்களா, நல்லாருக்கீங்களான்னு ஒண்ணும் கேக்கலை.

"டீச்சர், மல்லிகாக்கா பையன் கோகுலுக்கும் கொடி, காப்பு எல்லாம் இருந்துச்சுங்கல்ல?"

மல்லிகா சுமதி ஊட்டுக்கு மூணாவது ஊடு. அவ பையன் கோகுலு எங்கிட்ட எடை போட்டவன்தான். நான் இங்க வந்த அந்த ஐப்பசியில காய்ச்சல் வந்து, நாலே நாள்ல போயிட்டான். ஒண்ணரை வயசு. போன்ல கேள்விப்பட்டு, அய்யோ பாவம்னு சொன்னேன். அதுக்கப்பறம் அவன் பேரை நெனைச்சதே இல்லை. இத்தனை வருசமா என் மனசுல இருந்தது ஹரிணி ஒருத்திதான். ஒரு புள்ளைக்குப் பண்ணுன தப்புன்னுதான் வெச்சிருந்தேன்.

"இருந்துச்சு சுமதி."

"உங்க சீட்டுல அவன் என்ன கலருங்க?"

ஞாபகம் இல்லைன்னு சொல்லியிருக்கலாம். ஞாபகம் இருந்துச்சு. அவன் சீட்டுல கடைசிப் புள்ளி வெச்சது நான்தான்.

"பச்சை"ன்னேன். "ஆனா அவன் போனது காய்ச்சல்ல சாமி. எடை கொறைஞ்சதாலதான்னு சொல்ல முடியாது."

"இல்லைன்னும் சொல்ல முடியாதுங்கல்ல?"

"முடியாது."

பின்னாடி ஹரிணி ஏதோ கேட்டு நச்சரிச்சுக்கிட்டிருந்தா, "இரு சாமி, வாரேன்"னு அவகிட்டச் சொல்லிட்டு எங்கிட்டத் திரும்புனா. குரல்ல கோவம் இல்லை, பழைய பிரியமும் இல்லை.

"மல்லிகாக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

"நானே சொல்றேன்."

"நம்பர் அனுப்பறனுங்க"ன்னு வெச்சுட்டா. நான் போனைக் கீழ வெக்கறதுக்குள்ள நம்பர் வந்துடுச்சு.